ராத்திரிப் பேட்டா

ஹல்
பிப்ரவரி 3, 2014

அன்புள்ள டோரீன் அக்காவுக்கு,

ஹேஸல் எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உன் புதுக் காது மெஷின் எப்படி இருக்கிறது, இன்னும் விசில் அடிக்கிறதா? போனில் உன்னிடம் கத்திக் கத்தி என் தொண்டை கட்டினதுதான் மிச்சம். அதனால் பழையபடி கடிதத்துக்கே வந்துவிட்டேன்.

ஒரு யோசனை கேட்க வேண்டும். என் கம்பளி நூல் கடை மூழ்கினபோது திவாலாகாமல் தப்பிக்க ஒரு ஒப்பந்தம் போட்டேனே, மாதாமாதம் கட்டி வருகிறேனே, அதற்கு வருடாந்திரச் சரிபார்ப்பு வந்திருக்கிறது. கடன் என் பேரில் மட்டும்தான். ஆனாலும் வீட்டு வரவு முழுவதையும் காட்ட வேண்டும், புருஷன் சம்பளம் உட்பட. இதுவரை பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஓய்வு பெற்றுப் போய்விட்டாள். புதிதாக வந்தவள் வார்த்தைக்கு வார்த்தை 'மேடம்' போடுகிறாள். "மேடம், உங்க வீட்டுக்காரர் சம்பளச் சீட்டுல ராத்திரிப் பேட்டான்னு ஒரு தொகை வருதே மேடம், அதை நீங்க எங்கயுமே காட்டலையே?"

நான் எதற்குக் காட்டப் போகிறேன்? லாரிக்காரர் வீட்டில் பிறந்து லாரிக்காரரைக் கட்டிக்கொண்டவள் நான். வெளியூரில் படுப்பதற்குக் கொடுக்கிற பேட்டா டிரைவரோடது. அதை வீட்டுக் கணக்கில் சேர்க்கிற ஒரு பெண்சாதியை நீ பார்த்திருக்கிறாயா? அப்பாவிடம் அம்மா ஒரு நாளாவது கேட்டதுண்டா? எனக்கு அது பணமாகவே தோன்றவில்லை, அக்கா. இப்போது மறைத்தேன் என்று ஆகிவிட்டது.

செலவானதற்கு ரசீது காட்டினால் விட்டுவிடுவார்களாம். இல்லாவிட்டால் வருமானம். பாதி கடன்காரர்களுக்குப் போகும், பழைய மாதங்களுக்கும் சேர்த்து. அதைக் கட்ட என்னால் முடியாது. கட்டாவிட்டால் ஒப்பந்தம் முறியும், நான் திவால், வீடு போய்விடும். ஏப்ரல் கடைசிவரை தவணை கொடுத்திருக்கிறாள்.

க்ளைவிடம் கேட்டேன். "லாரிக்குள்ளயே தூங்குறீங்க. ஒரு டீ, ஒரு சாண்ட்விச். மிச்சம் எங்கே?" என்றேன். "செலவாயிடுச்சு" என்று எழுந்து போய்விட்டார். ஆப்பிள்பி ஊரில் நடந்த விஷயத்துக்கு அப்புறம் அவர் பேச்சே குறைந்துவிட்டது, உனக்குத் தெரியும். அந்தப் பையன் விடிவதற்கு முன்னால் மூடுபனியில் நடு ரோட்டுக்கு வந்து லாரியில் அடிபட்டுச் செத்தான். க்ளைவ் மேல் தப்பில்லை என்று போலீஸ் சொன்னது, விசாரணையும் சொன்னது. அவர் மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை.

நான் என்ன எழுத, சொல். குளிரில் வெளியே திரியாதே.

உன் தங்கை
ஹேஸல்


பென்ரித்
பிப்ரவரி 10

அருமை ஹேஸலுக்கு,

டோரீன் நலம், காது நீங்கலாக. மெஷின் விசிலை நிறுத்திவிட்டது, இப்போது முனகுகிறது. சர்ச்சில் பாதிரியார் பிரசங்கத்தின்போது கழற்றிவிடுகிறேன். உனக்கு முட்டிவலி தேவலையா?

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காட்டிவிடு. அவர்களாகக் கண்டுபிடித்தபிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் வீடு நிச்சயமாகப் போகும். ஒளிக்க உனக்கு வராது. பன்னிரண்டு வயதில் என் லிப்ஸ்டிக்கைத் திருடிப் பூசிக்கொண்டு என் எதிரிலேயே வந்து நின்றவள் நீ. பேட்டா வந்தது என்று எழுது, செலவானது என்றும் எழுது, ரசீதை வைத்து அனுப்பு. உன் வீட்டுக்காரன் எங்கே தின்றான், எங்கே குளித்தான் என்று கடைகடையாக வாங்கித் தரட்டும்.

வாரா வாரம் இந்த ஊர் வழியாகத்தான் போகிறான். ஒரு வாய் டீ குடிக்க என் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தானா? நான் கேட்டேன் என்று சொல்.

அன்புடன்
டோரீன்


ஹல்
பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

முட்டி அப்படியேதான் இருக்கிறது. உனக்குச் சளி பிடிக்காமல் இருந்தால் சரி.

கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னைப் பார்த்து அவர் குரலை உயர்த்தினது இதுதான் முதல் தடவை. "நான் லாரில படுக்கறதில்ல. ரூம் எடுக்கறேன். போதுமா?" என்றார். எங்கே என்றேன். "வழில." ரசீது கேளுங்கள் என்றேன். "அங்க ரசீது கேக்க முடியாது. நீ என்ன வேணாலும் எழுதிக்கோ, என்னை விட்டுடு." சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

இங்கே அவர் மாடியில் படுப்பதில்லை. கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடியே, விளக்கைப் போட்டுக்கொண்டு. ஜன்னல் திரையை ஊசி போட்டு மூடி வைத்திருக்கிறார். ஆனால் வியாழக்கிழமை வெளியூரில் தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை வந்தால் முகம் தெளிவாக இருக்கிறது, அக்கா. தூங்கி எழுந்த முகம். பையைத் திறந்தால் லாவண்டர் சோப்பு வாசனை. சட்டையில் பொத்தான் தைத்திருக்கிறது. நான் தைக்கவில்லை.

இவரோடு வேலை பார்க்கிற ஆர்தரின் பெண்சாதியைக் கடையில் பார்த்தேன். லாரியை ஆப்பிள்பி மாட்டுச் சந்தை மைதானத்தில்தான் போடுகிறாராம். வேறு எந்த ஊராக இருந்தாலும் சரி என்று விட்டிருப்பேன். அந்த ஊர்ப் பேரை டிவியில் சொன்னாலே அணைத்துவிடுகிற மனுஷன், அங்கே போய்ப் படுக்கிறார் என்றால் யாரோ ஒருத்தி இருக்கிறாள். உனக்கு அது பஸ்ஸில் போகிற தூரம்தானே. பார்த்துச் சொல். வீடு போவதை விட இது என்னைத் தின்கிறது.

ஹேஸல்


பென்ரித்
மார்ச் 3

ஹேஸலுக்கு,

சளி இல்லை. அழாதே.

என்னை இந்த வயதில் துப்பறிய அனுப்புகிறாய். காது கேட்காதவள் ஒளிந்திருந்து எதைக் கேட்பது? இருந்தாலும் போகிறேன். வியாழக்கிழமை பஸ். சந்தை மைதானத்துக்கு எதிரில் ஒரு டீக்கடை உண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறேன். க்ளைவுக்கு ஒருத்தி என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்கவே அவனுக்கு மூன்று வருடம் ஆனது. நிஜமாகவே இருந்தால் என் குடையால் நாலு போடுகிறேன்.

வந்ததும் எழுதுகிறேன்.

டோரீன்


ஹல்
மார்ச் 20

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறாயா? நிஜமாகவே கேட்கிறேன். வந்ததும் எழுதுகிறேன் என்றாய். தபால்காரர் என்னைப் பார்த்தாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

மேடம்காரி நேற்று மறுபடி கூப்பிட்டாள். ரசீது இல்லாவிட்டால் முழுத் தொகையையும் வருமானத்தில் போடப் போகிறாளாம். க்ளைவிடம் சொன்னேன். "டோரீன் ஏதாவது எழுதினாளா?" என்றார். நீ போனது அவருக்கு எப்படித் தெரியும்?

எதுவாக இருந்தாலும் எழுது.

ஹேஸல்


பென்ரித்
மார்ச் 27

அருமைத் தங்கை ஹேஸலுக்கு,

எனக்குக் கொஞ்சம் காய்ச்சல், அதனால்தான் தாமதம். இங்கே மழை விடவில்லை. பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது.

நீ நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. நம்பு. அவன் தங்குகிற இடம் காசுக்குப் படுக்கையும் காலைச் சாப்பாடும் கொடுக்கிற ஒரு சாதாரண வீடு. நடத்துகிற அம்மாள் என்னைவிட மூத்தவள், விதவை. படுக்கை சுத்தம். முட்டையும் நன்றாகப் பொரிக்கிறாள்.

ரசீது மட்டும் கேட்காதே. உன் மேடத்துக்குக் கட்ட வேண்டியது எவ்வளவு என்று எழுது. என் அடக்கச் செலவுக்கு வைத்திருப்பதிலிருந்து அனுப்புகிறேன். நான் இப்போதைக்குப் போகிறதாக இல்லை.

க்ளைவைத் திட்டாதே.

டோரீன்


ஹல்
ஏப்ரல் 1

அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இல்லாத காய்ச்சல் சீக்கிரம் விடும்.

அவர்தான் பேசமாட்டேன் என்கிறார் என்று உன்னிடம் வந்தேன். நீயும் அவரோடு சேர்ந்துகொண்டு நாய்க்குட்டிக் கதை சொல்கிறாய். இந்த வீட்டுக்கு நான் நூல் விற்றுப் பணம் கட்டினேன். உன் சவப்பெட்டிக் காசில் அதைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டேன். கிழவி வீட்டில் முட்டை தின்பவர் ஒரு ரசீது வாங்க ஏன் பயப்பட வேண்டும்?

அடுத்த வியாழக்கிழமை நானே போய் அந்தக் கதவைத் தட்டப் போகிறேன். அதற்கு முன்னால் உன் கடிதம் வந்தால் வரட்டும்.

ஹேஸல்


பென்ரித்
ஏப்ரல் 5

ஹேஸல்,

போகாதே. சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து படி.

அன்று சாயங்காலம் அவன் லாரியைப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்தபடி நடந்தான், நான் பின்னால் போனேன். ரோட்டை ஒட்டின கடைசி வீடு. கொஞ்ச நேரம் கழித்து நானும் போய் ரூம் கேட்டேன். அந்த அம்மாள் என்னைக் கூடத்தில் உட்கார வைத்து டீ கொடுத்தாள். கணப்புக்கு மேலே ஒரு போட்டோ. மீன் தூண்டிலோடு சிரிக்கிற பையன். ஹேஸல், அந்தப் போட்டோவை எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பேப்பரில் ஒரு வாரம் வந்துகொண்டிருந்த போட்டோ. நீல் பிர்கெட். அவள் ஐரீன் பிர்கெட், அவனுடைய அம்மா.

"என் பையன்தான். ரோட்டுல போயிட்டான்" என்றாள், ஊருக்குப் போயிட்டான் என்கிற மாதிரி. "உங்களுக்கு மாடியில முன் ரூம் தரேன். பின் ரூம் நீலோடது. அதுல மிஸ்டர் வில்சன் இருக்காரு. ரொம்ப சாது. வாரா வாரம் வருவாரு."

காலையில் சாப்பாட்டு மேஜைக்குப் போனால் மிஸ்டர் வில்சன் உட்கார்ந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அவள் டீ ஊற்றிக்கொண்டிருக்கிறாள். நான் என்ன செய்வேன்? "குட் மார்னிங் மிஸ்டர் வில்சன்" என்றேன்.

அவன் அப்புறம் மைதானத்தில் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வேற எங்க படுத்தாலும் அவன் வரான் டோரீன். லாரில படுத்தா கண்ணாடியத் தட்டுறான். வீட்டுல படுத்தா ஜன்னலத் தட்டுறான். இங்க மட்டும் தட்டுறதில்ல. அவன் வீட்டுல அவன் எதுக்குத் தட்டணும்? இங்கதான் நான் சத்தமில்லாமத் தூங்கறேன்." அவளுக்கு க்ளைவின் முகம் தெரியாதாம். விசாரணைக்கு அவள் வரவில்லை, உடம்பு சரியில்லை என்று தம்பியை அனுப்பியிருந்தாள். ஆனால் கார்ஸைட் என்ற அவன் குடும்பப் பேரை இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் வில்சன்.

உன் மேடத்துக்கு ரசீது க்ளைவ் கார்ஸைட் பேரில் வேண்டும். அந்தப் பேரில் கேட்டால், தன் பிள்ளையின் படுக்கையில் இத்தனை நாள் யாரைப் படுக்க வைத்தோம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இதை உனக்கு எழுதக் கூடாது என்று என்னைச் சத்தியம் செய்யச் சொன்னான். செய்தேன். இப்போது மீறிவிட்டேன்.

இன்னொன்று. அவன் சத்தமில்லாமல் தூங்குகிறேன் என்றான் அல்லவா. நான் கிளம்பும்போது அவள் கேட்டாள், "ராத்திரி மிஸ்டர் வில்சன் கத்தினது உங்களை எழுப்பிடுச்சா?" என்று. எனக்குக் காது கேட்காது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டோரீன்


ஹல்
ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா,

நீ நலம் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுத வரவில்லை.

க்ளைவிடம் எனக்குத் தெரியும் என்று சொன்னேன். "வீடு போனாப் போகட்டும் ஹேஸல். அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார். ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. என்னோடு குடியிருக்கிற வீட்டை அந்த ஒரு ரூமுக்காக விடத் தயாராக இருக்கிறார்.

நான் தயாராக இல்லை. பிர்கெட் அம்மாளுக்கு எழுதிவிட்டேன். உங்கள் வீட்டில் மிஸ்டர் வில்சன் என்று வருகிறவர் என் கணவர், அவர் பேர் க்ளைவ் கார்ஸைட், என் வீட்டைக் காப்பாற்ற அந்தப் பேரில் ரசீது வேண்டும் என்று எழுதினேன். மன்னிப்பும் கேட்டேன். பெட்டியில் போட்ட பிறகு கை உள்ளேயே மாட்டிக்கொண்டது போல அங்கேயே நின்றேன். அவரிடம் சொல்லவில்லை. இந்த வாரம் அவருக்கு வடக்கே ஓட்டம் இல்லை, அதுவரை நல்லது.

நான் செய்தது கொடுமைதான். வேறு வழி தெரியவில்லை.

ஹேஸல்


ஆப்பிள்பி
ஏப்ரல் 22

திருமதி கார்ஸைட் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் கணவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுத ஒரு வாரம் பிடித்தது, பொறுத்துக்கொள்ளுங்கள். ரசீதுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாம் அவருடைய சொந்தப் பேரில்தான்.

அவர் பேரை நீங்கள் எனக்குச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. முதல் நாள் கதவைத் திறந்தபோதே எனக்குத் தெரியும். நீல் அடிபட்ட அன்று யாரோ வந்து எழுப்பி, இரவு உடுப்பின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். என்னை அவன் பக்கத்தில் விடவில்லை. ஓரத்தில் அந்த லாரி டிரைவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தலையைத் தூக்கவில்லை. அதனால் நான் அவரைப் பார்த்தது அவருக்குத் தெரியாது.

பின் ரூமை அதுவரை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அவருக்குக் கொடுத்தேன். நல்ல எண்ணத்தில் கொடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். என்ன செய்கிறார் பார்ப்போம் என்றுதான் கொடுத்தேன். அன்று ராத்திரி அவர் தூக்கத்தில் கத்தினார். என் பிள்ளை பேரைச் சொல்லிக் கத்தினார். நான் சுவரை ஒட்டிப் படுத்துக் கேட்டேன். நீல் போனதிலிருந்து எனக்குத் தூக்கம் கிடையாது, டாக்டர் கொடுத்த மாத்திரைக்கும் வராது. அன்று விடியும்வரை தூங்கினேன்.

அப்புறம் வியாழக்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குக் கண் மூடுகிறது. ஒரு வாரம் அவர் கத்தவில்லை. அமைதியாகத் தூங்கினார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. மறுநாள் முட்டை பொரித்துக்கொண்டே, இந்த மனிதன் குணமாகிவிடக் கூடாது என்று கடவுளிடம் கேட்டேன். அவர் சட்டையில் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டே அதைத்தான் கேட்டேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அவருக்கும் ஒரு வீடு உண்டு, அது போய்விடலாம் என்று தெரிந்தது. இது போதும். அவரை இனி இங்கே அனுப்பாதீர்கள். உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
ஐரீன் பிர்கெட்


ஹல்
மே 19

அன்புள்ள அக்கா,

உன் காய்ச்சல், நிஜக் காய்ச்சல், விட்டது கேட்டு நிம்மதி. கஞ்சியாகக் குடி. என் முட்டிக்கு டாக்டர் ஊசி போட்டார், படி ஏற முடிகிறது.

மேடம்காரி ரசீதுகளை ஏற்றுக்கொண்டாள். "நியாயமான செலவுதான் மேடம், இதை முதல்லயே அனுப்பியிருக்கலாமே மேடம்" என்றாள். ஒப்பந்தம் நிலைத்தது. வீடு தப்பியது. சமையலறையில் தனியாக நின்று அழுதேன்.

அந்த அம்மாள் கடிதத்தை க்ளைவிடம் கொடுத்தேன். மறைத்து வைக்க எனக்கு இனி தெம்பில்லை. படித்தார். மறுபடியும் படித்தார். என்மேல் கோபிப்பார் என்று காத்திருந்தேன், கோபிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று வாரம் எங்கும் தங்காமல் உள்ளூர் ஓட்டமாகக் கேட்டு வாங்கி, இங்கே நாற்காலியில் விளக்கைப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

போன வியாழக்கிழமை வடக்கே ஓட்டம் வந்தது. பையை எடுத்தார். "வேற ஊர்ல நிறுத்துங்க. அவங்களே வராதீங்கன்னு எழுதிட்டாங்க" என்றேன்.

"இத்தனை வாரமா அவங்க தூங்கியிருக்க மாட்டாங்க ஹேஸல்" என்றார்.

நான் வாசலை மறித்து நிற்கவில்லை. நிற்கலாம் என்று நினைத்தேன். ஒரு சட்டையும் துண்டும் எடுத்துப் பையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். தூங்கி எழுந்த முகம். கதவைத் திறந்தாளா என்று கேட்டேன். நின்று பார்த்தாளாம், அப்புறம் "உள்ள வாங்க மிஸ்டர் கார்ஸைட்" என்றாளாம். ரசீதை மேஜைமேல் வைத்தார்.

"ராத்திரி கத்தினீங்களா?" என்றேன்.

"எனக்கெப்படித் தெரியும்?" என்றார். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "அவங்க நல்லாத் தூங்கினாங்களாம்" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள், அக்கா. முடிந்தால் ஜூனில் இங்கே வந்து என்னோடு இரு. வியாழக்கிழமையாகப் பார்த்து வா.

உன்
ஹேஸல்